சுட்ட சோளம் ஏன் காய்ந்துபோகிறது?

மடலை உரித்து நேரே தணலில் வைப்பதால்தான். மணியின் ஈரத்தைக் காப்பது அந்த மடல்தான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் மடலை விரித்து, நாரை மட்டும் எடுத்துவிட்டு, மறுபடி மூடி அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைப்போம். பிறகு கரித்தணலில் திருப்பித் திருப்பி 15 முதல் 20 நிமிடம். சோளம் தன் ஆவியிலேயே வெந்துவிடும். கடைசி இரண்டு நிமிடம் மடலை விலக்கிச் சுட்டால் கரிவாசம் ஏறும். அந்த வாசத்துக்காகவே நான் அடுப்பு மூட்டுவேன்!

மிளகாய்த்தூளை முதலிலேயே தடவாதீர்கள், கருகிக் கசக்கும். இறக்கியதும் வெண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், சிறிது சீரகத்தூள் தடவி, லீமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையைப் பிழியுங்கள். கோழிக் குழம்புச் சோற்றுக்கு அருமையான துணை.

சோளத்தை வாங்கிய அன்றே சுடுங்கள். பறித்தபின் அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடுகிறது.