'புரிந்ததா?' என்று பட்டனை அழுத்தச் சொல்லாதீர்கள்

கேள்வி: பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டுக்கு இயற்பியல் எடுக்கிறேன், வகுப்பில் 120 பேர். மாணவர்கள் செல்போனில் 'புரிகிறது', 'புரியவில்லை' என்று அழுத்த, எனக்கு முன்னால் திரையில் கோடு ஏறி இறங்குகிற ஒரு ஆப் கொடுத்திருக்கிறார்கள். கோடு எப்போதும் உச்சியிலேயே நிற்கிறது. இன்டர்னல் பேப்பரைத் திருத்தினால் பாதிப் பேர் பக்கத்தை வெறுமனே விட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?
விரிவுரையாளர், திருநெல்வேலி

பதில்: பேப்பரை நம்புங்கள். அதற்காகப் பிள்ளைகள் பொய் சொன்னதாக நினைக்க வேண்டாம், நீங்கள் போர்டில் போடும்போது உண்மையிலேயே புரிகிற மாதிரிதான் இருக்கும், தானாக ஒரு கணக்கைத் தொட்டால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். 'புரிந்தது சார்' என்பதை வாயால் சொன்னாலும் ஆப்பில் சொன்னாலும் மதிப்பு ஒன்றுதான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூருக்கும் இதுதான் நடந்தது. நன்றாக நடத்துகிறார் என்று மாணவர்களிடமே பெயர் வாங்கியவர். 1990 வாக்கில், விசை பற்றிய அடிப்படைக் கேள்விகள் கொண்ட எளிய தேர்வு ஒன்றை வைத்தபோது, ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதவா, நான் யோசிக்கிறபடி எழுதவா என்று கேட்டுவிட்டார். அப்புறம்தான் அவர் வகுப்பு நடுவே கேள்வி போட்டு ஓட்டு எடுத்து, மாணவர்களையே பேசவிடும் முறைக்கு மாறினார்.

நாளைக்கே இதைச் செய்து பாருங்கள். மணல் லாரி ஒன்று நின்றுகொண்டிருக்கும் சின்னக் காரில் மோதுகிறது. எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது: லாரியா, காரா, இரண்டும் சமமா? ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்கிற நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிற பையன்கூட லாரியை அழுத்துவான், ஏனென்றால் நசுங்கியது காராயிற்றே! ஓட்டு விழுந்ததும் திரையைக் காட்டாதீர்கள், காட்டினால் எல்லோரும் கூட்டம் இருக்கிற பக்கம் சாய்ந்துவிடுவார்கள். சரியான விடை சொன்னவர்கள் சுமார் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டு எடுங்கள். "விசை சமம்தான்டா, கார் எடை கம்மி, அதான் அது தூக்கி வீசப்படுது" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும் பாருங்கள், அது நம் ஒரு மணி நேரப் பேச்சைவிட ஆழமாக இறங்கும். 30க்கும் கீழே போனால் பேசவிட்டுப் பயனில்லை, நீங்களேதான் மறுபடி நடத்த வேண்டும்.

தெரிந்தவனைப் பார்த்து மற்றவர்கள் காப்பியடிக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து, 2009இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பேசி முடித்த பிறகு அதே கருத்தில் வேறொரு கேள்வியைத் தனியாகப் பதிலளிக்கக் கொடுத்தபோது, முதலில் ஒருவருக்குமே விடை தெரியாத குழுக்களில் இருந்தவர்களும் முன்னேறியிருந்தார்கள்.

இன்னொன்று, அந்த ஓட்டுகளை வருகைப் பதிவோடோ இன்டர்னல் மார்க்கோடோ சேர்க்கச் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். மார்க் என்று வந்துவிட்டால் தெரியாததைத் தெரியாது என்று எந்தப் பிள்ளை காட்டும்?

கேள்வி: எங்கள் பள்ளியில் மாணவர்கள் செல்போன் கொண்டுவரக் கூடாது. இதெல்லாம் எங்களுக்கு எட்டாதா?
ஆசிரியை, தருமபுரி

பதில்: தாராளமாக எட்டும் டீச்சர். மஸூரின் முறைக்குச் செல்போன்தான் வேண்டும் என்றில்லை, அட்டையைத் தூக்கிக் காட்டினாலும் போதும். அட்டையில் அ, ஆ, இ, ஈ எழுதி நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எண்ணிக்கை துல்லியமாக வேண்டுமென்றால் பிளிக்கர்ஸ் (Plickers) என்று ஒரு ஆப் இருக்கிறது, அது உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு கட்டம் போட்ட அட்டை, எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. உங்கள் போனை வகுப்பின் குறுக்கே ஒரு முறை காட்டினால் எல்லாவற்றையும் படித்துவிடும். பிரிண்ட் எடுத்துக் கெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள், வெறும் தாள் ஒரு வாரம்கூடத் தாங்காது.