மூளையின் எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது? மனதில் நிற்கும்படி சொல்ல முடியுமா?

பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்ற பெயர்கள் மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து நினைவில் நிற்கின்றன, எது எதற்கு என்பது மறந்துபோச்சு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட், பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்களோடு வேலை பார்க்கிறேன். பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, எந்த இடம் பழுதானால் எது போகிறது என்று பாருங்கள், பிறகு மறக்கவே மறக்காது. மருத்துவ உலகமும் மூளையைப் பெரும்பாலும் இப்படித்தான் தெரிந்துகொண்டது.

மூளை சுமார் 1.4 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ரத்தம் நின்றால் சில நிமிடங்களிலேயே செல்கள் சாக ஆரம்பிக்கும்.

அடியிலிருந்து போவோம். முதுகுத்தண்டு மேலே வந்து மூளையோடு சேரும் இடத்தில் முகுளம். மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குதல், வாந்தி எல்லாம் இதன் பொறுப்பு. சின்ன இடம்தான், ஆனால் இங்கே அடி பலமாக இருந்தால் ஆள் பிழைப்பதே கஷ்டம். கை கால்களுக்குப் போகும் நரம்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் பக்கம் மாறுகின்றன. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு வந்தால் வலது கை கால் விழுவது அதனால்தான்.

பின்மண்டையில், கீழே இருப்பது சிறுமூளை. இது கெட்டால் பலம் போகாது, அளவும் நிதானமும் போய்விடும். "உங்க மூக்கைத் தொட்டுட்டு என் விரலைத் தொடுங்க" என்று சொல்வோம். கை நன்றாகத்தான் கிளம்பும், விரலை நெருங்க நெருங்க ஆட்டம் அதிகமாகி, தாண்டிப் போய் காற்றைத் தொடும். குடித்தவர் தள்ளாடுவதற்கும் பேச்சு குழறுவதற்கும் இந்தப் பகுதி தடுமாறுவது ஒரு முக்கியக் காரணம். மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் மொத்த நரம்பு செல்களில் பாதிக்கு மேல் இதற்குள்ளேதான் இருக்கின்றன.

இனி பெருமூளை. மடிப்பு மடிப்பாக நாம் படத்தில் பார்ப்பது. பிடரிப் பக்கம் பார்வை, காதுக்கு உட்புறமாகக் கேட்டல், உச்சிக்குப் பின்னால் தொடு உணர்வு, நெற்றிக்குப் பின்னால் திட்டமிடுதலும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதும்.

பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடது பாதியில். 1861-ல் பாரிஸில் பால் ப்ரோகா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். மற்றவர்கள் சொல்வது அவருக்கு ஓரளவு புரியும், ஆனால் எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே சத்தம்தான் பதிலாக வரும். அந்த நோயாளி இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதியில் சேதம் இருந்தது. அந்த இடத்துக்கு இன்றும் ப்ரோகா பகுதி என்றுதான் பெயர். இப்படிப்பட்டவர்களை நானும் பார்க்கிறேன். தண்ணீர் என்று கேட்க முடியாமல் தவிக்கிறவர், பக்கத்தில் யாராவது பழைய பாட்டை எடுத்துக்கொடுத்தால் கூடவே ரெண்டு வரி பாடிவிடுவார், வீட்டில் எல்லோரும் அழுதுவிடுவார்கள். பாடுவதில் வலது பாதிக்கும் பங்கு உண்டு.

அந்த வலது பாதியில் உச்சிக்குப் பின்புறம் அடிபட்டவர்களைத்தான் வீட்டார் ரொம்பத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் சாதம் கேட்பார், இடது பக்கம் பொரியல் தொடாமல் அப்படியே கிடக்கும். தட்டைத் திருப்பி வைத்தால் அதையும் சாப்பிடுவார். கண்ணில் கோளாறே இல்லாவிட்டாலும் இப்படி நடக்கும், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிப்பதில்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, தயவுசெய்து திட்டாதீர்கள். இடது பக்கமாக உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள்.

நினைவு பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அமெரிக்கரான ஹென்றி மொலேசன். வலிப்பு நிற்க 1953-ல் செய்த ஆபரேஷனில் மூளையின் உட்புறத்தில் இரண்டு பக்கமும் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பாகத்தில் ஒரு பெரிய பகுதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதிதாகச் சந்தித்த எவரும் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரப் படம் வரையும் பயிற்சியை ப்ரெண்டா மில்னர் என்ற உளவியல் ஆய்வாளர் கொடுத்தபோது, முந்தின நாள் வரைந்ததே நினைவில்லாமல் நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார்! பழகிக்கொள்ளும் திறமைக்கு மூளையில் வேறு பாதை இருப்பது அதில் தெரிந்தது. ஞாபக மறதி உள்ளவருக்கும் நடைப்பயிற்சி கொடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் கொடுப்பது இந்த விஷயம்தான்.

மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்று பரப்புவதை நம்ப வேண்டாம். சும்மா கிடக்கும் இடம் என்று அங்கே எதுவும் இல்லை.

அப்புறம், "கால் வந்துருச்சு, கை மட்டும் ஏன் வரல?" என்று கேட்காத குடும்பம் இல்லை. மூளையில் கால் அசைவுக்கான இடம் இரண்டு பாதிகளுக்கும் நடுவே உள்ள பிளவின் உட்பக்கச் சுவரில் இருக்கிறது, கைக்கும் முகத்துக்கும் வெளிப்பக்கத்தில். வெளிப்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோவது நடுப் பெருமூளைத் தமனி, பக்கவாதத்தில் அதிகம் அடைபடுவதும் இதுதான். காலுக்கான இடத்துக்கு வேறு தமனி. பேச்சுக்கான இடங்களும் அந்த நடுத் தமனியின் எல்லைக்குள்தான் வருகின்றன. வாய் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது மூன்றும் பல நேரம் சேர்ந்தே வருவது இதனால்தான். இதில் ஒன்றைத் திடீரென்று பார்த்தாலும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள்ளேயே அடக்கம்.