கொப்பியும் மீன்காரரும்

வணக்கம் அண்ணா,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து வீட்டில் மூச்சுவிட நேரமில்லை. தீபாவளிக்கு மறுநாளே அம்மாவுக்குக் கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிட்டது, மகனுக்கு மூன்றாம் தவணைப் பரீட்சை வருகிறது, அலுவலகத்தில் கோப்புகள் மலையாகக் கிடக்கின்றன, மழை வேறு. தங்கை ரொறன்ரோவில் இருக்கிறாள். அங்கே இப்போது இலையுதிர்காலம். தாங்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் நாளைக் கொண்டாடிய கையோடு போன் எடுத்து, "அக்கா, படுக்கமுன் ஒரு கொப்பியில் நன்றி சொல்ல மூன்று சின்ன விஷயம் எழுது, மனம் லேசாகும்" என்றாள். எழுத உட்கார்ந்தால் எரிச்சல்தான் வருகிறது. நேற்று "மழை விட்டது" என்று எழுதினேன், பேனையை மூடமுன் திரும்பப் பெய்தது. நான் என்ன நன்றி கெட்டவளா?

- ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நித்திரை கெட்டவள். அவ்வளவுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிகிறது, அதற்குக் கொப்பி மருந்தல்ல.

கொப்பி எழுதுவதைக் கேலி செய்யவில்லை. 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மக்கலா என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இந்தப் பழக்கம் இவ்வளவு பரவியது. அதன் முதல் பகுதியில் வாரத்துக்கு ஒரு தடவைதான் எழுதச் சொன்னார்கள், அதுவும் ஐந்து விஷயம் "வரை". தொல்லைகளை எழுதியவர்களைவிட நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் நல்லபடி உணர்ந்தார்கள். சரி, நல்ல விஷயம். ஆனால் எழுதியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள், விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் பிழிகிறவர்கள் இல்லை. தங்கை அதை இரவுக்கு மூன்று என்று உங்களுக்கு வீட்டுப்பாடம் ஆக்கிவிட்டாள்.

திருகோணமலையில் நமக்கு இலையுதிர்காலம் கிடையாது, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்து வடகிழக்கு வாடைக்காற்று தொடங்குவதுதான் கணக்கு. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. இந்த மழையை நம்பித்தான் பக்கத்துத் தம்பலகாமத்தில் பெரும்போக நெல் விதைக்கிறார்கள், அது எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும், ஆனாலும் விறாந்தைக் கொடியில் இரண்டு நாளாகக் காயாமல் கிடக்கும் பள்ளிக்கூடச் சட்டையை ஈரவாடையோடு அயன் பண்ணிக்கொண்டு நிற்கிற ஒருத்தியிடம் போய் மழைக்கு நன்றி சொல் என்பது அடாவடி. உங்கள் அலுவலகம் அரச அலுவலகம் என்றால் அந்தக் கோப்புகளின் கதையும் தெரிந்ததுதான்: டிசம்பர் 31க்குள் செலவழிக்காத காசு திரும்பிப் போய்விடும், அதனால் ஆடியில் அசையாத கோப்பெல்லாம் ஐப்பசியில் ஓடத் தொடங்கும். அதைத் திட்டலாம். திட்டிக்கொண்டே இன்னொன்றுக்கு நன்றியாகவும் இருக்கலாம், இரண்டும் ஒரே வயிற்றில் இருக்கும்.

என் வீட்டுக்கு ஒரு மீன்காரர் வருவார் (உங்கள் வீட்டில் விரதம், மீன் பேச்சு எடுத்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்). வாடை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் இறங்காத நாள் கூடும், விலையும் ஏறும். போன கிழமை ஒரு காலை, தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, எங்கள் தாழ்வாரத்தில் குந்தியிருந்து பாரையை வெட்டினார். அவசரத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவராகவே செதில் சுரண்டி, துண்டுகளைக் கழுவி, தலையையும் குடலையும் தனிப் பையில் முடிந்து "இது பூனைக்கு" என்று வைத்தார். எனக்குப் பூனை இருப்பதை அவர் எப்போது பார்த்தாரோ! நன்றி என்று வாயால் சொன்னேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "ஏன் ஐயா, காசு தராம விடப்போறீங்களா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது, நம் ஆட்கள் பெரும்பாலும் அப்படித்தான். அடுத்த தடவை வந்தபோது ஒரு பிளேன்டீயை நீட்டினேன், அது அவருக்கு உடனே விளங்கியது. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நன்றி யாரோ ஒரு ஆளுக்குப் போய்ச் சேர வேண்டிய சாமான். கொப்பியில் எழுதி மூடிவைத்தால் அது உங்கள் மனநிலையைப் பற்றிய குறிப்பாக நின்றுவிடுகிறது, பிறகு மூன்று வந்ததா நாலு வந்ததா என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். நனையாமல் மகனை ஏற்றிவந்த ஓட்டோத் தம்பி, உங்கள் கோப்பில் ஒன்றைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்ட சக ஊழியர், இப்படி ஒருவராவது இந்தக் கிழமையில் இருந்திருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை, முடியாவிட்டால் ஒரு பனங்கட்டித் துண்டோடு தேத்தண்ணி.

ஒருவரும் நினைவுக்கு வரவில்லை என்றால் அதுவும் பாவமில்லை. நம் திருகோணமலைக் கோட்டை வாசல் பக்கம் மழைக்கு ஒதுங்கினால் பக்கத்தில் மான் வந்து நிற்கும். வெளியூர்க்காரர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள், நாம் திரும்பியும் பார்ப்பதில்லை. பழகியது கண்ணில் படாது.

இன்னொன்று, கடிதத்தில் அம்மா இருக்கிறார், மகன் இருக்கிறார், வீட்டுக்காரரைக் காணவில்லை. தூரத்தில் இருக்கிறார் என்றால் விடுங்கள். வீட்டில்தான் இருக்கிறார் என்றால் காலைத் தேங்காயை அவர் திருவட்டும், நீங்கள் அரை மணி கூடப் படுங்கள். பொறுத்துப்போவதை நன்றி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

தங்கைமேல் கோபம் வேண்டாம். ஒக்டோபரின் இரண்டாம் திங்கள் அந்தத் தாங்ஸ்கிவிங்குக்கு ஒரு நாள் விடுமுறை, அப்புறம் அங்கேயும் ஓட்டம்தான், நவம்பரில் வேலை முடிந்து வெளியே வரவே இருட்டிவிடும். அக்காவுக்குக் கொப்பி சொல்கிறவள் தானும் இரவில் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என்ன எழுதுகிறாள் என்று கேளுங்கள். சஷ்டி முடிந்தபின் ஆறுதலாகப் போன் எடுங்கள், ஆனால் நவம்பர் முதல் ஞாயிறு அங்கே மணிக்கூட்டைப் பின்னுக்கு வைப்பார்கள், ஒன்பதரை மணி வித்தியாசம் பத்தரை ஆகிவிடும், அவளை நடுச்சாமத்தில் எழுப்பிவிடாதீர்கள்.