மறுபடியும் அந்தச் சங்கத்துக்குப் போங்கள்

அன்புள்ள ஐயா,

ஹாம் வானொலி, அதாவது உரிமம் பெற்ற தனிநபர்கள் பொழுதுபோக்காக வானொலி அலைகளில் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் அமெச்சூர் வானொலி பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்த பிறகு, எங்கள் பகுதியில் இயங்கும் அமெச்சூர் வானொலிச் சங்கத்தைத் தேடிப் பிடித்து, அதன் மாதக் கூட்டத்துக்கு ஒருமுறை போனேன். பின்வரிசையில் உட்கார்ந்து முழுக் கூட்டத்தையும் கேட்டேன். ட்யூனர், ரிப்பீட்டர் டோன், எஸ்.டபிள்யூ.ஆர். என்று பேசிக்கொண்டே போனார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை, ஆனால் யாரும் அருகில் வந்து பேசவும் இல்லை. அதன் பிறகு நான் போகவில்லை. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான்; இயற்பியலைப் பள்ளியோடு விட்டவள். கையடக்கக் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு, புத்தகம் படித்துத் தேர்வெழுதி, நானாகவே கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அது சரிதானா? புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் குறியீடு கட்டாயமா? கைப்பேசி இருக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கும் இதில் ஆர்வம் இருக்கிறது. அவளையும் அழைத்துப் போகலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தனியாகக் கற்றுக்கொள்ள முடியாதா என்றால், முடியும்; அப்படிக் கற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கருவி எதையும் வாங்குவதற்கு முன் அந்தச் சங்கத்துக்கு இன்னொரு முறை போங்கள் என்றுதான் சொல்வேன். இம்முறை மாதக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். மாதக் கூட்டம் என்பது ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள், பாதியில் நிற்கும் வேலைகளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம். புதிதாக வருபவருக்கு அதைவிடக் கடினமான வாசல் வேறில்லை. சங்கத்தின் உயிர் வேறு இடங்களில் இருக்கிறது. உறுப்பினர்கள் சங்க நிலையத்தைத் திறந்து தொலைதூர நிலையங்களை அழைக்கும் மாலைகளிலும், ஆன்டெனாவை இறக்கிப் பழுதுபார்த்து மறுபடி ஏற்றும் விடுமுறை நாள்களிலும், குறித்த நேரத்தில் எல்லாரும் ஒரே அதிர்வெண்ணில் கூடி வருகை சொல்லும் ‘நெட்’டிலும்தான் உண்மையான கற்பித்தல் நடக்கிறது. ஆகவே சங்கச் செயலாளருக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதுங்கள்: நான் புதியவள், உரிமம் இல்லை, நிலையம் இயங்கும் நாளில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விரும்புகிறேன் என்று. பின்வரிசையில் பேசாமல் இருந்த உங்களை அன்று எப்படி அணுகுவதென்று தெரியாமல் விட்டவர்களே, வெளிப்படையாகக் கேட்பவருக்கு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள்.

அதற்காக அன்று நடந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. இந்தப் பதிலைச் சங்க உறுப்பினர்கள் யாரேனும் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: கூட்டத்துக்குப் புதுமுகம் ஒன்று வந்தால் அவரோடு பேசுவதை ஒருவருடைய பொறுப்பாக முன்கூட்டியே ஒப்படையுங்கள். எல்லாருடைய பொறுப்பாகவும் விட்டால் யாரும் செய்வதில்லை. அமெச்சூர் வானொலி நூறாண்டுக்கு மேலாக ஆளிடமிருந்து ஆளுக்குக் கைமாறி வந்த கலை. அந்தக் கைமாற்றம் நின்ற இடங்களில் சங்கங்கள் மூப்படைந்து கலைந்துபோகின்றன.

இனி கையடக்கக் கருவிக்கு வருகிறேன். தனியாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது அதைத்தான், ஏமாற்றமடைவதும் அதனால்தான். அது 144 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண்களில், சுமார் 5 வாட் திறனில் இயங்குகிறது. அந்த அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை என்பதால், கட்டடங்களுக்கு நடுவே வீட்டுக்குள்ளிருந்து பேசினால் சில கிலோமீட்டரைத் தாண்டுவதே பெரிது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் உயரமான இடத்தில் ரிப்பீட்டர் வைக்கிறார்கள். அது ஓர் அதிர்வெண்ணில் கேட்பதை அதே கணத்தில் வேறோர் அதிர்வெண்ணில் அதிகத் திறனோடு திரும்ப அனுப்புகிறது. வேண்டாத இரைச்சலுக்கெல்லாம் அது விழித்துக்கொள்ளாமலிருக்க, பேசுபவரின் குரலோடு, கேட்பவர் காதுக்கு எட்டாதபடி வடிகட்டப்படும் தாழ்ந்த ஒலியொன்றும் சேர்ந்து வர வேண்டும் என்று வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்ட ‘ரிப்பீட்டர் டோன்’ அதுதான். அதைக் கருவியில் அமைக்காதவர் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் ரிப்பீட்டர் அசையாது. கருவி பழுது என்று நினைத்து அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார். அந்த ரிப்பீட்டரை நிறுவிப் பராமரித்து வருவது பல ஊர்களில் சங்கமேதான். அதன் அமைப்புகளை உங்கள் கருவியில் ஏற்றித் தர அங்கே ஒருவருக்குச் சில நிமிடங்கள் போதும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. உங்களுக்கு எது பிடிக்கப்போகிறது என்று இன்னும் உங்களுக்கே தெரியாது. அருகிலிருப்பவர்களோடு பேசுவதா, சிற்றலையில் கடல் கடப்பதா, செயற்கைக்கோள் வழியே பேசுவதா, கருவிகளைக் கையால் கட்டுவதா? ஒவ்வொன்றுக்கும் வேண்டிய கருவி வேறு. நாலைந்து பேருடைய நிலையங்களைப் பார்த்த பிறகு வாங்கும் கருவி வீணாவதில்லை.

அதுவரை செய்ய வேண்டியது கேட்பது. இதை நான் இடைக்கால வேலையாகச் சொல்லவில்லை. இந்தக் கலையின் முக்கால் பங்கு அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இயங்கும் அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் இடத்தில் ஒரு வானொலி ஏற்பி இணையத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. சிற்றலை ஏறக்குறைய முழுவதையும் உலகின் எந்த மூலையிலிருந்தும் கட்டணமின்றி அதில் கேட்கலாம். மாலையில் அங்கே சூரியன் மறையும் நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, இருள் பரவப் பரவ என்ன மாறுகிறது என்று கவனியுங்கள். பகல் வெளிச்சத்தில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் டி அடுக்கு (வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டம் பெற்ற அயனி மண்டலத்தின் கீழடுக்கு), சிற்றலையின் தாழ்ந்த அதிர்வெண்களை உறிஞ்சிக்கொள்கிறது. சூரியன் போனதும் அந்த அடுக்கு விரைவில் மறைந்துவிடுவதால், அதே அலைகள் 200 கிலோமீட்டருக்கும் மேலே உள்ள எஃப் அடுக்கு வரை ஏறி, வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தரையிறங்குகின்றன. ஒரு மணி நேரத்துக்கு முன் பக்கத்து நாட்டுக் குரல்கள் மட்டுமே இருந்த இடத்தில் வேறு கண்டத்துக் குரல் எழுவதைக் கேட்ட பிறகு, அயனி மண்டலம் பாடநூலில் உள்ள படமாக உங்களுக்கு இருக்காது. மறுநாள் பகலில் 14 மெகாஹெர்ட்ஸில் கேளுங்கள். பதினோராண்டுச் சூரியப் புள்ளிச் சுழற்சி, பருவம், நாளின் நேரம் எல்லாம் சேர்ந்து அங்கே யார் யாருக்குக் கேட்கும் என்பதை முடிவு செய்கின்றன. குறிப்பேடு ஒன்றில் நேரம், அதிர்வெண், கேட்ட அழைப்புக்குறி (ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்தும் எண்ணுமாகத் தரப்படும் அடையாளம்) ஆகியவற்றை எழுதிவந்தால், அழைப்புக்குறியின் முதல் எழுத்துகளைக் கொண்டே நாட்டை அடையாளம் காணும் பழக்கம் தானாக வந்துவிடும்.

கேட்கும்போது நாகரிகத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்வீர்கள். அதிர்வெண் காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அழைப்பது, தன் அழைப்புக்குறியைத் தெளிவாகச் சொல்வது, எழுத்துகள் குழம்பாதபடி ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று விரித்துச் சொல்வது, ஒருவர் முடித்ததும் அவசரச் செய்தி வைத்திருப்பவர் நுழையும்படி சிறிது இடைவெளி விடுவது ஆகியவற்றை நிலையத்தை நன்றாக இயக்குபவர் ஒருவர் செய்யக் கேட்டுத்தான் பழக முடியும். புத்தகத்தில் படித்துவிட்டு முதன்முதலாக ஒலிவாங்கியைப் பிடிப்பவருக்குச் சொற்கள் மறந்துபோகும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பயம் பாதியாகிவிடும்.

சங்கத்தில் மட்டுமே சரியாகக் கற்கக்கூடியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், ஆன்டெனாவைத்தான் சொல்வேன். விலையுயர்ந்த கருவியும் மோசமான ஆன்டெனாவும் சேர்ந்தால் பயனில்லை. எளிய கருவி நல்ல ஆன்டெனாவோடு கண்டம் கடக்கும். கணக்கு உங்கள் தொழில் என்பதால் இதை எளிதில் பிடித்துக்கொள்வீர்கள்: 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் அலைநீளம் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 42 மீட்டர். அதில் பாதியைவிடச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 20 மீட்டர் கம்பியை நடுவில் வெட்டி கேபிளை இணைத்தால் டைபோல் ஆன்டெனா தயார். ஆனால் அதைத் தொங்கவிட்ட உயரமும் அருகிலிருக்கும் சுவரும் கூரையும் கணக்கைக் கொஞ்சம் கலைத்துவிடும். அப்போதுதான் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வருகிறது. அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்பதை அதைக் கொண்டு அறியலாம். மீட்டர் 1.5 காட்டினால் 4 விழுக்காடு திரும்புகிறது. 3 காட்டினால் 25 விழுக்காடு. கம்பியைச் சிறிது சிறிதாக நறுக்கி அந்த எண்ணைக் குறைக்கும் வேலையை ஒருமுறை பிறரோடு சேர்ந்து செய்தவருக்கு அது வாழ்நாள் முழுதும் மறக்காது. ட்யூனர் என்பது ஆன்டெனாவைத் திருத்துவதில்லை. கருவி எதிர்பார்க்கும் மின்தடுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் எதிர்ப்பு) கிடைக்கும்படி நடுவில் நின்று சரிக்கட்டித் தருகிறது. ஆக, அன்று உங்களை மிரட்டிய சொற்கள் இவ்வளவுதான்.

ஆன்டெனா வேலையில் உயிருக்கு ஆபத்தும் உண்டு. மின்சாரக் கம்பிகளுக்கு அருகே, விழுந்தால் அவற்றைத் தொடும் தூரத்தில் எந்தக் கம்பியையும் குழாயையும் ஏற்றக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் கேபிளைக் கழற்றி வைக்க வேண்டும். உயரத்தில் தனியாக ஏறக் கூடாது. அனுபவமுள்ளவர் ஒருவர் இடத்தை வந்து பார்க்காமல் முதல் ஆன்டெனாவை ஏற்றாதீர்கள்.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரத்தின் அடிப்படை, ஓம் விதி, அலைகளின் இயல்பு, பாதுகாப்பு, விதிமுறைகள் ஆகியவைதான் பெரும்பாலும் அதில் இருக்கும். கணிதம் பெருக்கல் வகுத்தலைப் பெரிதும் தாண்டாது. பாடத்திட்டமும் உரிம வகைகளும் நாட்டுக்கு நாடு மாறுவதால் அவற்றைச் சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல சங்கங்கள் தேர்வுக்கு வகுப்பே நடத்துகின்றன. மோர்ஸும் நாட்டைப் பொறுத்ததுதான். 2003இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாட்டில், அதைக் கட்டாயமாக்குவதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டின் முடிவுக்கு விடப்பட்டது; அதன் பிறகு பல நாடுகள் அதைத் தேர்விலிருந்து நீக்கிவிட்டன. கட்டாயம் இல்லாவிட்டாலும் பிற்பாடு கற்றுக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த திறனில், கையால் கட்டிய சிறு கருவியில், இரைச்சலுக்கு நடுவிலும் காது பிரித்தறியக்கூடிய முறை அது.

கைப்பேசிக் காலத்தில் எதற்கு என்ற உங்கள் வீட்டாரின் கேள்வி நியாயமானது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. பண ஆதாயம் கருதாமல், தன்னைத்தானே பயிற்றுவித்துக்கொள்வதற்கும் ஒருவரோடொருவர் தொடர்புகொள்வதற்கும் தொழில்நுட்ப ஆய்வுக்குமான பணி என்று அமெச்சூர் வானொலியை அவை வரையறுக்கின்றன. முதலில் நிற்பது கற்றல். செய்தியைச் சேர்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் கைப்பேசி போதும். செய்தி எப்படிச் சேர்கிறது என்பதைத் தன் கையால் அறிய விரும்புபவருக்குக் கைப்பேசியில் இடமில்லை. வணிகப் பயன் இல்லாதவை என்று கருதப்பட்ட குட்டை அலைகளில், 1923 நவம்பரில் பிரான்ஸிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இரண்டு அமெச்சூர்கள் அட்லான்டிக்கைத் தாண்டி இருவழியாகத் தொடர்புகொண்டார்கள். உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்டு நான்கு ஆண்டுகள் சற்றுக் கடந்த நிலையில், 1961 டிசம்பர் 12 அன்று அமெச்சூர்கள் கட்டிய ஆஸ்கர் 1 செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குச் சென்றது. இவர்களெல்லாம் பிழைப்புக்காக அதைச் செய்தவர்கள் அல்லர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது அந்தமானில் ஓர் அமெச்சூர் குழு நிலையம் அமைத்துத் தொலைதூரத் தொடர்புகளைச் செய்துகொண்டிருந்தது. மற்ற இணைப்புகள் அறுந்த வேளையில் அதே கருவிகள்தான் வெளியுலகுக்குச் செய்தி கடத்தின. பொழுதுபோக்குக்காக நாள்தோறும் பழகிய கைகளாக இருந்ததால்தான் அந்த நாளில் அவை தடுமாறவில்லை.

உங்கள் மகளை அவசியம் அழைத்துப் போங்கள். உரிமம் பெற்றவர் அருகிலிருந்து கண்காணிக்கும்போது மற்றவர்கள் சில சொற்கள் பேச அனுமதிக்கும் நாடுகள் உண்டு, அனுமதிக்காதவையும் உண்டு; முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படியிருந்தாலும், ஒளித்துவைத்த சிறு அலைபரப்பியைத் திசையறி ஆன்டெனாவோடு தேடிக் கண்டுபிடிக்கும் ‘ஃபாக்ஸ் ஹன்ட்’ போட்டி உங்கள் சங்கத்தில் எப்போது நடக்கிறது என்று செயலாளருக்கு எழுதும் கடிதத்திலேயே விசாரியுங்கள். தேடுபவர் எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டும்தான் செய்கிறார். திறந்த வெளியில் ஓடிக்கொண்டே சமிக்ஞை எந்தப் பக்கம் வலுக்கிறது, சுவரில் பட்டுத் திரும்பும் அலை எப்படி ஏமாற்றுகிறது என்பதையெல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். நீங்களும் அவளும் ஒரே அணியில் சேர்ந்துகொள்ளலாம்.

அன்புடன்.