மிரர்ஸ் எட்ஜுக்கு இன்னொரு பாகம் வேண்டுமா?

அன்புள்ள சார்,

சென்ற கட்டுரையில், மொட்டைமாடிகளில் ஓடித் தாவும் 'மிரர்ஸ் எட்ஜ்' கேமுக்கு அடுத்த பாகம் வர வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2008இல் வந்த முதல் கேமை முழுக்க ஆடியவன் நான். ஓடும்போது நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வழி தெரியாமல் மொட்டைமாடிகளிலிருந்து விழுந்து விழுந்து செத்தேன். துப்பாக்கிச் சண்டை சகிக்கவில்லை. கதை மனதில் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முடிந்தும் போனது. 2016இல் அடுத்த கேமான 'கேட்டலிஸ்ட்' வந்தபோது எல்லாவற்றையும் சரிசெய்திருப்பார்கள் என்று நம்பி வாங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டு வாய்ப்பு கொடுத்தாயிற்று. சுவரில் ஓடுவதும் தாவுவதும் இப்போது டையிங் லைட், டைட்டன்ஃபால், கோஸ்ட்ரன்னர் என்று எத்தனையோ கேம்களில் இதைவிட நன்றாகவே வந்துவிட்டன. பிறகு எதற்கு இன்னொரு பாகம்? பழைய பாசம் தவிர வேறு காரணம் இருக்கிறதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பழைய பாசத்துக்கு முதல் பாகமே போதும். அதை இன்றும் ஆடலாம், நான் ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த பாகம் கேட்பதற்குக் காரணம் வேறு. ஸ்டாக்ஹோமில் இருக்கும் டைஸ் நிறுவனம் 2008இல் தொடங்கிவைத்த ஒரு வேலை பாதியிலேயே நிற்கிறது. அவர்களும் அதை முடிக்கவில்லை, நீங்கள் சொன்ன மற்ற கேம்களும் அதைத் தொடவில்லை.

உங்கள் புகார்களில் சிலவற்றை உடனே ஒப்புக்கொள்கிறேன். சண்டை மோசம்தான். எதிராளியின் துப்பாக்கி சிவப்பாக மாறும் அந்த நொடியில் பொத்தானை அழுத்தி அதைப் பிடுங்குவது ஒன்றுதான் அதில் ரசிக்கத்தக்கது. கடைசி அத்தியாயத்தில் ஷார்ட் கட்டடத்தின் வரவேற்புக் கூடத்தில் நாலாபுறமும் ஆயுதக்காரர்கள் நிற்கும்போது, ஓடவும் வழியில்லை, சுடவும் மனமில்லை. எதிரி யாரையும் சுடாமல் கேமை முடிப்பவர்களுக்கென்று அச்சீவ்மென்ட் என்று ஒரு தனிப் பதக்கமே வைத்திருந்தார்கள். துப்பாக்கி இந்தக் கேமுக்கு ஒட்டவில்லை என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. கதையும் அப்படித்தான். போலீசில் வேலை பார்க்கும் சகோதரி மீது கொலைப்பழி விழுகிறது, நாயகி ஃபெய்த் அவளைக் காப்பாற்ற ஓடுகிறாள். ஓடுவதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான்.

விழுந்து விழுந்து செத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் உங்களோடு எனக்கு வழக்கு.

ஃபெய்த் நின்ற இடத்திலிருந்து உடனே முழு வேகம் எடுப்பதில்லை. சில அடிகள் தடையில்லாமல் ஓடினால்தான் வேகம் ஏறும். வேலியில் இடித்தாலோ, ஓரடி முன்னதாகத் தாவினாலோ, உயரத்திலிருந்து உருளாமல் இறங்கினாலோ ஏறிய வேகம் அத்தனையும் போய்விடும். இதற்கெல்லாம் கன்ட்ரோலரில் இருப்பவை மூன்றே பொத்தான்கள். மேலே போக ஒன்று, கீழே போக ஒன்று, திரும்ப ஒன்று. தாவுவதும் ஏறுவதும் சுவரில் ஓடுவதும் முதல் பொத்தானில். சறுக்குவதும் உருளுவதும், காற்றில் காலை மடக்கி வேலியைத் தாண்டுவதும் இரண்டாவதில். எந்த அசைவு வரும் என்பதை நீங்கள் நிற்கும் இடமும் வரும் வேகமும் முடிவு செய்கின்றன. பொத்தான்களைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு கற்க வேண்டியதெல்லாம் இடத்தைத்தான்.

இடத்தை ஒரே பார்வையில் படித்துவிட முடியாது. முதல் தடவை ஒரு கூரைக்குள் குதிக்கும்போது பின்னால் சுடுகிறார்கள், வழி தெரியவில்லை, தவறான விளிம்பிலிருந்து தாவிச் சாகிறோம். அடுத்த தடவை வழி தெரியும், ஆனால் தயங்கித் தயங்கிப் போவோம். இன்னும் சில தடவை ஓடிய பிறகுதான் அந்தக் கூரை வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கிறது. படிக்கட்டில் ஏற வேண்டியதில்லை. இடதுபக்கச் சுவரில் நான்கு அடி ஓடி, திரும்பி, எதிர்ச் சுவரை உதைத்துத் தாவினால் நேரே மேல்தளத்தின் விளிம்பு கைக்கு வருகிறது. முன்பு தடுமாறிக் கடந்த இடத்தை இப்போது மூச்சு விடாமல் கடக்கிறோம். ஃபெய்த்தின் காலடிச் சத்தத்தில் ஒரு தாளம் வந்துவிடுகிறது. அது உடைந்தால் எங்கே பிசகினோம் என்று காதுக்கே தெரியும்.

ஒரு தடவை ஆடி முடித்தவர்கள் பார்த்தது ஒரு கேம், திரும்பத் திரும்ப ஓடியவர்கள் பார்த்தது இன்னொரு கேம். இத்தனை வருடமாக இதைப் பற்றி இரண்டு கட்சியாக நின்று வாதாடுவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு கட்சியும் உண்மையைத்தான் சொல்கிறது. ஸ்பீட்ரன் செய்பவர்களை, அதாவது கேமை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கப் போட்டிபோடுபவர்களைப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில் துள்ளி அதே வேகத்தில் முன்னால் பாய்ந்தால், ஓடி ஏற்ற வேண்டிய வேகம் உடனே கிடைத்துவிடும் என்று அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். விழுவது அவர்களுக்குத் தண்டனையே இல்லை. பாட்டு கற்பவர் ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் பாடிப் பார்ப்பதைப் போலத்தான் அவர்கள் விழுகிறார்கள்.

கேமின் குறை என்று நான் சொல்வது வேறு. திரும்பத் திரும்ப ஓடியவர்கள் பார்த்த அந்தக் கேமை அது ஒளித்துவைத்திருக்கிறது. கதையைத் திறந்தால் போலீஸ் துரத்துகிறது, நின்று பார்க்கவே நேரம் இல்லை. நேரத்தோடு போட்டிபோட்டு ஓடும் டைம் டிரையல் மெனுவில் ஓரமாக இருக்கிறது. அதில் நம்முடைய பழைய ஓட்டம் ஒரு உருவமாக நமக்கு முன்னால் ஓடும், ஆன்லைன் சேவை 2023இல் நிறுத்தப்படும் வரை வேறொருவருடைய ஓட்டமும் ஓடியது. அந்த கோஸ்டைத் துரத்தும்போதுதான் இந்தக் கேம் என்னவென்று புரிகிறது. 2009 தொடக்கத்தில் டைம் டிரையலுக்கென்றே ஒரு கூடுதல் தொகுப்பு விட்டார்கள். அதில் நகரமே இல்லை. கதை இல்லை, போலீஸ் இல்லை. வெட்டவெளியில் மிதக்கும் வண்ணக் கட்டைகள், அவற்றின் மேல் ஓட வேண்டும். கேமின் உயிர் எங்கே இருக்கிறது என்று டைஸுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

தெரிந்தும் கேட்டலிஸ்டில் வேறு பக்கம் போனார்கள். அதில் நல்லதும் உண்டு. துப்பாக்கியை ஃபெய்த்தின் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓட்டம் தடைபடாத வரை குண்டு அவள் மேல் படாது என்று ஒரு விதி வைத்தார்கள், அது அருமையான யோசனை. ஆனால் கீழே விழும்போது உருளுவதையும் சட்டென்று திரும்புவதையும் ஸ்கில் ட்ரீ என்ற திறமைப் பட்டியலில் பூட்டிவைத்துவிட்டார்கள். முதல் பாகத்தில் முதல் நிமிடத்திலிருந்து கையில் இருந்தவை இவை. புள்ளிகள் சேர்த்தால்தான் கிடைக்கும் என்றால், நம் திறமை வளர்வதற்குப் பதிலாகப் பட்டியலில் ஒரு எண் வளர்கிறது. அப்புறம் ஓப்பன் வேர்ல்டு, நகரம் முழுக்க இஷ்டப்படி திரியலாம் என்ற அமைப்பு. எந்தத் திசையிலிருந்தும் எந்தக் கூரைக்கும் வரலாம் என்றால், ஒரு கூரையை ஒரு குறிப்பிட்ட ஓட்டத்துக்காகச் செதுக்க முடியாது. எல்லாக் கூரையும் ஓரளவு எல்லாருக்கும் ஆகிற மாதிரி அமைக்க வேண்டியிருக்கும். வழி தொலையாமல் இருக்க முன்னால் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது, நாம் இடத்தைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்து ஓடுகிறோம்.

நீங்கள் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதவில்லை. கிரிட்நோட் கோபுரங்கள் வரை வந்தீர்களா? கேட்டலிஸ்டில் மிகச் சிறந்த பகுதி அவைதான். உள்ளே நுழைந்தால் லேசர்களுக்கு நடுவே மேலே ஏறும் வழியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். அவசரம் இல்லை, இடமும் நாமும் மட்டும். அதை முடித்தால் பரிசாகக் கிடைப்பது ஃபாஸ்ட் டிராவல், அதாவது அந்தப் பகுதியில் ஓடாமலே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வசதி. ஓட்டத்துக்கென்றே செய்த ஒரு கேம், நன்றாக ஓடியவருக்கு ஓட வேண்டாம் என்ற சலுகையைப் பரிசாகக் கொடுக்கிறது. எனக்கு அதில் வந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

மற்ற கேம்களைச் சொன்னீர்கள். மூன்றும் நல்ல கேம்கள், மூன்றையும் விரும்பி ஆடியிருக்கிறேன். டையிங் லைட்டில் ஜாம்பிகளிடமிருந்து தப்பக் கூரைக்குக் கூரை தாவுகிறோம். டைட்டன்ஃபாலில் சுவரில் ஓடுவது எதிராளியைச் சுட வசதியான இடத்துக்குப் போவதற்காக. கோஸ்ட்ரன்னரில் ஒரே அடியில் சாவோம், ஒரே அடியில் கொல்வோம், ஓட்டம் அந்த வாள்வீச்சுக்குக் கொண்டுபோய் விடுகிறது. எல்லாவற்றிலும் ஓட்டம் வேறு எதற்கோ போகும் வழி. உடம்பின் கனமும் அவற்றில் இப்படி வருவதில்லை. ஃபெய்த் குனிந்தால் அவள் காலைப் பார்க்கிறோம், உருண்டால் உலகமே ஒரு சுற்று சுற்றுகிறது, வேகம் ஏற ஏற மூச்சு மாறுகிறது. தலைசுற்றாமல் இருக்கத் திரையின் நடுவே ஒரு சின்னப் புள்ளி, அதைத் தவிரத் திரையில் எந்த எண்ணும் பட்டையும் இல்லை. ஓடுவதை மட்டுமே விஷயமாக வைத்துக்கொண்டு, அதையும் ஒரு உடம்புக்குள் இருந்து காட்டும் பெரிய கேம் அதற்குப் பிறகு வரவில்லை.

அந்த நகரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைக் கட்டடங்கள், நீல வானம், நடுவே சிவப்பும் ஆரஞ்சும். பச்சை அநேகமாக இல்லை, மரங்கள்கூட வெள்ளை. பீஸ்ட் என்ற மென்பொருளைக் கொண்டு ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு ஒவ்வொரு சுவரிலும் பதித்துவைத்தார்கள். அதனால்தான் ஆரஞ்சுச் சுவரின் பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் தரையில் மெல்லிய ஆரஞ்சு படர்கிறது. அந்த ஆண்டு வந்த பல கேம்கள் இன்று பழசாகத் தெரிகின்றன. இது தெரிவதில்லை. அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வெள்ளைக்கு நடுவே ஒரு குழாயோ பலகையோ சிவப்பாக மாறினால், ஓடுகிற ஓட்டத்திலேயே கண் அதைப் பிடித்துக்கொள்கிறது. வண்ணமே வழிகாட்டி.

சரி, எப்படிப்பட்ட பாகம் வேண்டும்? சின்னதாக வேண்டும். பத்துப் பதினைந்து இடங்கள் போதும், ஆனால் ஒவ்வொன்றும் பலமுறை ஓடுவதற்காகவே செதுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஒரே இடத்தைக் காலையில் ஒரு திசையிலும் இரவில் எதிர்த்திசையிலும் ஓட வைக்கலாம். எல்லா அசைவுகளும் முதல் நிமிடத்திலேயே கையில் இருக்க வேண்டும். கோஸ்ட் மெனுவுக்குள் ஒளியாமல் கதைக்குள்ளேயே வரட்டும். அந்தச் சிவப்பைப் பற்றி எனக்கு ஒரு ஆசை உண்டு. முதல் பாகத்தில் கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்தால் சிவப்பு மொத்தமாக அணைந்துவிடும். அப்படிச் செய்யாமல், முதல் ஓட்டத்தில் முழுதாகக் காட்டி, நாம் அந்த இடத்தைக் கற்கக் கற்கச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப் போகட்டும். நமக்கு வழி தெரிந்துவிட்டது என்று கேமே ஒப்புக்கொள்கிற மாதிரி இருக்கும். போலீஸ் இருக்கட்டும், நின்று சண்டை போட அல்ல. ஒரு வழியை அடைத்து வேறு வழியைத் தேட வைப்பதற்காக. கேட்டலிஸ்டில் ஆடுபவர்களே நகரத்துக்குள் டைம் டிரையல் அமைத்து மற்றவர்களுக்கு விட முடிந்தது. அதை மட்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

யார் பணம் போடுவார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் பெரிய தடை. டைஸ் பல ஆண்டுகளாக பேட்டில்ஃபீல்டு என்ற போர் கேம் தொடருக்குள் இருக்கிறது. 2025 அக்டோபரில் 'பேட்டில்ஃபீல்டு 6' வந்தது, அந்தத் தொடர் அவர்களை விடாது. முதல் மிரர்ஸ் எட்ஜ் இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பேட்டில்ஃபீல்டு கணக்கில் அது ஒன்றுமே இல்லை. சின்னக் குழு, சின்ன விலை என்று கணக்குப் போட்டால் அது நல்ல எண்ணிக்கை. டைஸின் உரிமையாளரான இதே இஏ நிறுவனம், மிரர்ஸ் எட்ஜ் வந்த அதே பருவத்தில் வெளியிட்ட டெட் ஸ்பேஸை 2023இல் இன்னொரு ஸ்டுடியோவிடம் கொடுத்துப் புதிதாகச் செய்ய வைத்தது. ஃபெய்த்தையும் அப்படி ஒரு குழுவிடம் கொடுக்கலாம். ரீமேக் வேண்டாம், முதல் பாகத்துக்கு அது தேவையில்லை. பெரிய பட்ஜெட்டும் வேண்டாம், ஓப்பன் வேர்ல்டு வந்ததே பெரிய பட்ஜெட்டைப் பின்தொடர்ந்துதான்.

கேட்டலிஸ்டை முடியுங்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். முதல் பாகம் இன்னும் உங்களிடம் இருந்தால் கதையைத் தொடாமல் நேராக டைம் டிரையலுக்குப் போங்கள். சின்னதாக ஒரு தடத்தை எடுத்து, மூன்று நட்சத்திரம் வரும் வரை அதை மட்டும் ஓடுங்கள். அதற்குப் பிறகும் அடுத்த பாகம் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது என்றால் விரிவாக எழுதுங்கள், அந்தக் கடிதத்தையும் வெளியிடுகிறேன்.

அன்புடன்