எஞ்சின் லைட் எரிந்தால் டேங்கையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: குளச்சலில் மீன் ஏற்றும் பெட்ரோல் பிக்கப் வைத்திருக்கிறேன், 2023 மாடல். இரண்டு வாரமாக எஞ்சின் லைட் எரிகிறது. காலையில் வண்டிப் பக்கம் போனால் லேசாகப் பெட்ரோல் வாடை. இழுவையில் குறையில்லை. ஸ்கேனரில் பி0442 என்று வந்தது. டேங்க், பம்ப் இரண்டையும் மாற்ற 40,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். அடுத்த மாதம் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வேறு இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: முதலில் அந்த 40,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் சும்மா கிடந்தாலும் ஆவியாகும். அந்த ஆவியை ஒரு கரி டப்பா பிடித்து வைத்து, வண்டி ஓடும்போது எஞ்சினுக்கு அனுப்பும். இந்தப் பாதையில் எங்கோ ஏறக்குறைய 1 மி.மீ. அளவுக்குக் கசிவு இருக்கிறது என்பதுதான் பி0442. எங்கே என்று அது சொல்லாது. நம்பரைப் பார்த்ததும் டேங்க் என்றவர் ஜோசியம் பார்த்திருக்கிறார்.

டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ மணலோ இருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கலாம். மூடி சரி என்றால், மீன் வண்டியில் எனக்கு அடுத்த சந்தேகம் பெட்ரோல் ஊற்றும் குழாய்மேல்தான். ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் அதன் கிளாம்புக்கு அடியில் போய்த் தங்கும். முட்டத்திலிருந்து வந்த ஒரு வண்டியில் வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. கிளாம்பைத் தளர்த்தியதும் துரு அப்பளமாக உதிர்ந்தது, உள்ளே ஊசிமுனை ஓட்டை. குழாயை மட்டும் மாற்றினோம்.

கண்ணுக்குத் தெரியவில்லையா, ஸ்மோக் டெஸ்ட் கேளுங்கள். மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே விட்டால், ஓட்டை வழியாகக் கசிந்து டார்ச் வெளிச்சத்தில் தெரியும். அதற்கு 1 பி.எஸ்.ஐ.கூட வேண்டாம். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை டேங்கில் வைக்க யாரையும் விடாதீர்கள். டேங்க் உப்பும், கரி டப்பா பிளக்கும், வெளியே வரும் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

ஒரே ஒரு இடத்தில் ஸ்மோக் டெஸ்டும் ஏமாற்றும்: கரி டப்பாவிலிருந்து ஆவியை எஞ்சினுக்குத் திறந்துவிடும் பர்ஜ் வால்வு. அது சரியாக மூடாவிட்டால் கசிவு எஞ்சினுக்குள்ளேயே போகும், வெளியே புகை வராது. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, வால்வின் வயரைக் கழற்றி, கரி டப்பா பக்கத்து ஹோஸையும் எடுத்துவிட்டு, அந்த முனையில் விரல் வையுங்கள். உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் வால்வு போய்விட்டது. வயரைக் கழற்றியதால் ஸ்கேனரில் புதிதாக ஒரு கோடு (பி0442 போன்ற கோளாறு எண்) வரலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். பெட்ரோல் போட்டவுடன் மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தாலும் பெரும்பாலும் இதே வால்வுதான். அப்புறம், பங்கில் நாசில் தானாக நின்ற பிறகும் "ரவுண்டா போடுங்க" என்று சொல்லாதீர்கள். மிச்சப் பெட்ரோல் கரி டப்பாவை நனைத்துக் கெடுக்கும்.

எஃப்.சி. என்றதும் புரோக்கர் வருவார். லைட்டை அணைத்துத் தருகிறேன் என்பார். ஸ்கேனரில் கோடை அழிப்பார், அல்லது பல்பையே பிடுங்குவார். பல்பைப் பிடுங்கினால் அடுத்த கோளாறும் உங்களுக்குத் தெரியாமல் போகும். கோடை அழித்தாலோ, குளிர்ந்த எஞ்சினும் பாதி டேங்கும் அமைந்த ஒரு காலையில் வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், லைட் திரும்ப வரும். புகைச் சான்றிதழைக் காட்டி "எல்லாம் பாஸ்" என்பதும் ஒரு வேடிக்கை. சைலன்சரில் குழாயைவிட்டு அளப்பதோடு அந்தச் சோதனை முடிகிறது. டேங்க் ஓரம் கசிவதை அங்கே யாரும் மோந்துகூடப் பார்ப்பதில்லை. காசு மட்டும் தவறாமல் வாங்குகிறார்கள்.

இவ்வளவும் வாடை மட்டும் வரும் வண்டிக்கு. டேங்குக்குக் கீழே கைவைத்துப் பெட்ரோல் ஈரம் பட்டால் வண்டியை எடுக்காதீர்கள், சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம். மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள், வருகிறவர் பீடியை அணைத்துவிட்டு வரட்டும்.