யாழ்ப்பாணத்தில் சொந்த வாகனம் இல்லாமல், பஸ்ஸிலேயே குடும்பத்தோடு கடலுக்குப் போய்வர ஏலுமா? எந்தக் கரை நல்லது?

ஏலும். கேட்டவர் வீட்டு நிலவரம் எழுதவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளும் முழங்கால் நோகிற ஒரு அம்மம்மாவும் கூட வருவார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் உங்கள் பாடு இன்னும் லேசு.

எந்தக் கரை என்பதற்கு முதல் எந்த மாதம் என்று பாருங்கோ. இந்தக் கேள்விக்கு எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு 'கசூரினா' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். கசூரினா காரைநகர்த் தீவின் வடக்குக் கரை. சாட்டி வேலணைத் தீவின் தெற்குக் கரை. வைகாசியில் இருந்து புரட்டாதி மட்டும் சோளகம் தென்மேற்கில் இருந்து அடிக்கும். அந்த நாட்களில் சாட்டிப் பக்கம் அலை எழும்பும், தண்ணி கலங்கும், சாதாளை என்கிற கடற்தாவரம் ஒதுங்கி மணக்கும். கசூரினாவில் அதே காற்று தரையில் இருந்து கடலை நோக்கிப் போவதால் தண்ணி தட்டையாகக் கிடக்கும். கார்த்திகையில் இருந்து தை மட்டும் வாடை. அப்போது கதை மறுபக்கம் திரும்பும், மழையும் சேரும். மாசி, பங்குனி, சித்திரையில் இரண்டு கரையும் நல்லது. ஆனால் சித்திரை வெயிலில் பத்து மணிக்குப் பிறகு மணலில் கால் வைக்க முடியாது.

சோளகக் காலத்தில் கசூரினா பிள்ளைகளுக்கு நல்லது என்று சொல்லும்போதே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காற்று வெளிக்கடலுக்குத் தள்ளும். காற்றடித்த ரியூப், பிளாஸ்டிக் மெத்தை, பந்து எதையும் அந்த மாதங்களில் தண்ணிக்குள் விடாதேங்கோ. பந்து போகும், பந்துக்குப் பின்னால் பிள்ளை போகும். கரை ஆழமில்லை, கனதூரம் இடுப்பளவுதான் என்பது உண்மை. அந்தத் தைரியத்தில்தான் ஆட்கள் தூரப் போகிறார்கள். ஆழமில்லாத கடலிலும் இடைக்கிடை குழி இருக்கும். பிள்ளை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். பெரியவர் ஒருவர் கரையைப் பார்த்தபடி, பிள்ளைக்கு வெளிக்கடல் பக்கத்தில் நின்றால் நல்லது.

மற்றக் கரைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணற்காடு பார்க்க அழகு. மணல் மேடும் இடிந்த தேவாலயமும் பார்த்துவிட்டு வரலாம். கடல் திறந்த கடல், கரை சட்டென்று இறங்கும், பிள்ளைகளைக் குளிக்க விடுகிற இடம் இல்லை. பருத்தித்துறைத் துறைக்கு 750 பஸ் அடிக்கடி இருக்கிறது. அங்கே கல்லும் முருகைக்கல்லும் காலை வெட்டும், செருப்போடுதான் இறங்க வேண்டும். காங்கேசன்துறைக்கு ரயில் 2015இல் இருந்து திரும்ப ஓடுகிறது. பிள்ளைகளுக்கு ரயிலே பாதிச் சந்தோசம். சேவை குறைவு என்பதால் போக ரயில், வர பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கோ. வேலியோ அறிவிப்புப் பலகையோ இருக்கிற பக்கம் போக வேண்டாம். நயினாதீவு கோயில் பயணம். அதைக் கடல் குளிப்போடு கலக்காதேங்கோ.

அம்மம்மாவுக்குக் கடல் ஒத்துவராது, பிள்ளைகளுக்குத் தண்ணி வேண்டும் என்றால் கீரிமலை. கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊற்றுக் கேணி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு. உப்புக் கழுவுகிற வேலையே இல்லை. ஆடி அமாவாசையை மட்டும் தவிருங்கோ. பிதிர்க்கடன் கழிக்க வருகிற சனத்துக்குள் கால் வைக்க இடம் இராது.

இனி பஸ். காரைநகருக்கு 782, 785, 786 ஓடுகின்றன. இலக்கத்தை விடப் பெயர்ப்பலகையைப் பாருங்கோ, வழி ஒவ்வொன்றுக்கும் வேறு. தெருவில் மறித்து ஏற வேண்டாம். யாழ். நகர பஸ் நிலையத்துக்கே போய், புறப்படுகிற இடத்தில் ஏறினால்தான் இருக்க இடம் கிடைக்கும். ஐந்து பேர் என்றால் மினிபஸ்ஸை விட அரசாங்கத்தின் இ.போ.ச. சிவப்பு பஸ் நல்லது: படி உயரம், ஆனால் நடைவழி அகலம், பை வைக்க இடமுண்டு. அம்மம்மாவை முன்கதவால் ஏற்றுங்கோ. காரைநகருக்குப் போகும்போது இடது பக்கம் இருந்தால் காலமை வெயில் படாது. பின்னேரம் திரும்பும்போதும் இடது பக்கம்தான் நிழல், ஏனென்றால் பஸ்ஸும் திரும்பிவிட்டது, சூரியனும் மேற்கே போய்விட்டது. சத்தி எடுக்கிற பிள்ளை என்றால் பின்சில்லுக்கு மேலே இருக்க விடாதேங்கோ, வெளிக்கிடுகிற நேரம் பாலும் கொடுக்காதேங்கோ.

பஸ் கடற்கரை வாசல் மட்டும் போகும் என்று நம்ப வேண்டாம். பொன்னாலைப் பாலம் தாண்டி, வலந்தலைச் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடிப்பதாகவே கணக்கு வையுங்கோ. வரும் வழிக்கும் சேர்த்துப் பேசி, சாரதியின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, முழுக் காசையும் திரும்பி வந்த பிறகு கொடுங்கோ. முன்கூட்டிக் கொடுத்தால் பின்னேரம் அவருக்கு வேறு ஓட்டம் வந்துவிடும். சாட்டிக்குத் தீவுப்பக்கப் பஸ்; எல்லாம் பண்ணைப் பாலத்தால்தான் போகும், வேலணைக்குள் போன பிறகு வழி பிரியும். ஆகவே ஏறும்போதே 'சாட்டிக் கடற்கரைக்குக் கிட்ட இறக்கிவிடுங்கோ' என்று கொண்டக்டரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

கடைசி பஸ்ஸை ஒருநாளும் நம்பாதேங்கோ. அதற்கு முந்தின பஸ்ஸே உங்கள் கடைசி பஸ். ஆள் குறைவென்றால் கடைசி ஓட்டத்தை விட்டுவிடுவார்கள், ஞாயிறும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளும் அப்படி நடக்க இன்னும் வாய்ப்புண்டு. இணையத்தில் கிடக்கும் நேர அட்டவணை பழசாக இருக்கலாம். நிலையத்தில் ரைம் கீப்பரிடமும், இறங்கும்போது கொண்டக்டரிடமும் தனித்தனியே கேளுங்கோ. இரண்டு பேரும் வேறு நேரம் சொன்னால் முந்தின நேரத்தை எடுங்கோ.

காசு: இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாளாக மாற்றிக்கொண்டு போங்கோ. ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் மிச்சக் காசு 'இறங்கேக்க தாறன்' ஆகும், இறங்கேக்க சனநெரிசலில் அது மறந்துபோகும். மறதி எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும் என்பது பஸ்ஸில் போகிற எல்லாருக்கும் தெரியும்.

சாமான்களில் முக்கியமானது மூடியுள்ள பத்து லீற்றர் பெயின்ற் வாளி, நன்றாகக் கழுவினது. சிரிக்க வேண்டாம். போகும்போது சாப்பாடும் துவாயும் அதற்குள். காகமும் நாயும் கிட்ட வராது, மணல் போகாது. குளித்தபின் கால் கழுவத் தண்ணி பிடிக்கலாம். வரும்போது நனைந்த உடுப்பைப் பிழிந்து போட்டு மூடினால் பஸ்ஸில் ஒரு சொட்டு ஒழுகாது. சொப்பிங் பை கிழியும், உரப்பை ஒழுகும், பக்கத்தில் இருப்பவரின் சேலை நனைந்தால் யாழ்ப்பாணம் வரும்வரை பேச்சுக் கேட்க வேண்டும். நனைந்த உடுப்போடு ஏறவும் வேண்டாம். இருக்கை உப்பாகும் என்பது ஒன்று. ஒரு மணித்தியாலம் உப்பும் மணலும் உரசினால் பிள்ளையின் தொடை இடுக்கு சிவந்து எரியும் என்பது மற்றது. உடுப்பு மாற்றும் அறை இருந்தாலும் தண்ணி வராத நாள் உண்டு. ஆளுக்கு ஒரு லீற்றர் நன்னீர் தனியாக வைத்து, துவாயை நனைத்துத் துடைத்துவிட்டாலே போதும். குடிக்க ஆளுக்கு ஒன்றரை லீற்றர். காரைநகரில் கன கிணறு உவர் என்பதால் அங்கே நிரப்பலாம் என்று வெறும் போத்தலோடு போகாதேங்கோ. ஜீவனி (தண்ணியில் கரைத்துக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) பைக்கற் இரண்டு கைப்பையில் கிடக்கட்டும்.

பெண்கள் உடுப்போடுதான் இறங்குவார்கள், அது அவரவர் விருப்பம். பருத்திப் பாவாடையும் நீளச் சட்டையும் நனைந்தால் பாரம், காலைச் சுற்றும். மெல்லிய பொலியெஸ்ரர் சல்வார் பாதுகாப்பு, கெதியில் காயும்.

சாப்பாட்டில் பச்சைத் தேங்காய் வேண்டாம். விடிய அவித்த புட்டும் தேங்காய்ச் சம்பலும் பதினொரு மணிக்கே புளிக்கத் தொடங்கும். புளிச்சாதம், எலுமிச்சம்பழச் சாதம், வறுத்து இடித்த சம்பலோடு பாண், இவை பின்னேரம் வரை தாங்கும். சோற்றை ஆறவிட்டுக் கட்டுங்கோ. சுடச்சுடக் கட்டினால் வியர்த்துப் பழுதாகும். வாழையிலையை நெருப்பில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. சாரதிக்குப் பக்கத்தில் இருக்கிற எஞ்சின் பெட்டிக்கு மேலே 'இதில வையுங்கோ' என்பார்கள். சாப்பாட்டை அங்கே வைக்காதேங்கோ, அடுப்பில் வைத்ததற்குச் சமம்.

திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் உரசி நடந்தால் அது விலகிப் போகும். குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சுடுதண்ணியில் காலை வைத்திருக்க நோவு குறையும். முள் உள்ளே நின்றால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. சொறி (ஜெல்லி மீன்) பட்ட இடத்தை மணல் போட்டுத் தேய்ப்பது பழைய பழக்கம், அது இன்னும் பரப்பிவிடும். கடல் தண்ணியால் கழுவுங்கோ, நன்னீர் ஊற்ற வேண்டாம்.

'இவ்வளவு கரைச்சலுக்கு ஒரு வானைப் பிடித்தால் முடிஞ்சுது' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: கேள்வி வானைப் பற்றியது அல்ல. வான் பிடிக்கக் காசிருப்பவர் இப்படிக் கேட்கவும் மாட்டார். பஸ்ஸில் போவது வசதி என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் லீசிங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்த நாளில் இருந்து பஸ்ஸில் ஏறுவது மரியாதைக் குறைவாகிவிட்டது. புருசன், மனைவி, பிள்ளை, முன்னால் தாங்கியில் இன்னொரு பிள்ளை என்று நாலு பேர் ஒரே சைக்கிளில், ஒரே ஒரு தலைக்கவசத்தோடு பொன்னாலைப் பாலத்துக் காற்றில் போவார்கள். அதை ஒருவரும் கேட்பதில்லை. பஸ்ஸில் போகிறவனைத்தான் 'ஏன், ஒன்றும் வாங்கேல்லையோ' என்று கேட்பார்கள். ஆள் ஏறாவிட்டால் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் 'பஸ்ஸே இல்லை' என்று புறுபுறுப்பார்கள். வெளிநாட்டில் இருந்து வந்து நிற்கிற சொந்தங்கள் இன்னும் மோசம். அங்கே ரயிலும் பஸ்ஸும்தான், இங்கே வந்தால் ஏசி வான் இல்லாமல் கோயிலுக்குக்கூட வெளிக்கிட மாட்டார்கள். சரி, அது வேறு கதை.

காரைநகரில் இருந்து 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஊர்காவற்றுறைக்குக் கடந்து, தீவுப்பக்கமாகச் சுற்றி வரலாம் என்று சிலர் யோசனை சொல்லுவார்கள். பாதைக்குக் காசில்லை, கடலில் நிற்கும் கோட்டையும் தெரியும், உண்மைதான். ஆனால் காற்றுக்கும் பழுதுக்கும் பாதை நின்றுபோகும். நனைந்த வாளியோடும் நித்திரை தூங்கும் பிள்ளையோடும் இறங்குதுறையில் காத்து நிற்பது அம்மம்மாவுக்கு ஏலாது. பெரியவர்கள் மட்டும் போகிற நாளுக்கு அதை வைத்திருங்கோ.

பஸ் தவறினால் காரைநகரில் இருட்டும்வரை நிற்க வேண்டாம். அதே ஓட்டோக்காரரைக் கூப்பிட்டு வட்டுக்கோட்டை அல்லது சித்தன்கேணி மட்டும் போங்கோ, யாழ்ப்பாணம் மட்டும் பேசாதேங்கோ. காரைநகர் பஸ்ஸைத் தவிர வேறு வழி பஸ்களும் அங்கே கிடைக்கும்.